ஒரு சுவர், இரண்டு வாக்கு

சுவர் ஒன்று; அதன் பேரில் கொடுத்த வாக்குகள் இரண்டு; கொடுத்த வாய் ஒன்றே. தென்காசிப் பக்கத்து மாசானம் அகப்பட்டுக்கொண்ட கதை இது. முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் கேட்பவர்களே. ஆகவே நிதானமாகக் கேட்க வேண்டும்.

மாசானத்தின் வீட்டு முன்னறையில் அவன் தாய் சொர்ணத்தாய் மாவு மில் நடத்துகிறாள். தெருவிலிருந்து வரும் நெட் கம்பியும் அதன் பெட்டியும் அங்கேதான். சுவருக்கு அப்பால், பின்னறையில், அவன் மனைவி வேணி சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கட்டட வரைபடங்கள் போடுகிறாள். எல்லாம் கனமான படங்கள். அந்தக் கல்சுவரைத் தாண்டி வைஃபை நொண்டி நொண்டித்தான் வரும். இணையவழிக் கூட்டத்தின் நடுவே அறுந்தும் போகும். மில்லுக்குள்ளேயே உட்காரலாம் என்றால் மாவும் இரைச்சலும் விடாது.

"இந்த மாசத்துக்குள்ள உன் மேசைக்கே ஒயர் வந்துரும். நல்ல வேகமான ஒயரு," என்று மாசானம் வேணிக்கு வாக்குக் கொடுத்தான்.

சில நாளில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. முன்பு ஒரு கரு தங்காமல் போன வீடு அது. அந்த முறை குழாய் பதிக்கச் சுவரை உடைத்திருந்தார்கள். மாசமாக இருப்பவள் உள்ள வீட்டில் சுவரைத் துளைக்கக் கூடாது என்பது ஊருக்கு வழக்கம். சொர்ணத்தாய்க்கோ அது ஆறாத புண்.

"ஏலே, பிள்ள பிறக்குற வரைக்கும் சுவத்துல ஒரு ஆணி இறங்கப்படாது. எனக்கு வாக்குக் குடு."

"இறங்காதும்மா," என்றான். மகிழ்ச்சியில் இருந்தான். இரண்டு வாக்கும் ஒரே சுவரில் வந்து முட்டும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

வேணியின் அலுவலகம் கெடு வைத்தது. இன்னொரு முறை தொடர்பு அறுந்தால் சென்னைக்கு வந்து வேலை பார்க்க வேண்டும். முடியாவிட்டால் விலகிவிட வேண்டும். டாக்டரோ பயணமே ஆகாது என்றுவிட்டார்.

மாசானம் ஒயரிங் வேலை பார்க்கும் யாக்கோபுவை அழைத்துவந்தான். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அணை கட்ட வச்சிருந்த கல்லையா கொண்டாந்து அடுக்கினீய? இதுல காத்தே நுழையாது, நெட்டு எங்க நுழைய?"

"ஒயர் போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காதுல்லா?" ஆமாம் என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று மாசானத்துக்கு இருந்தது.

யாக்கோபு ஒயரை வாசற்படிகளைச் சுற்றித் தரையோடு கொண்டுவந்து கணினியில் செருகினான். திறக்கத் திணறிக்கொண்டிருந்த படம் தொட்டதும் திறந்தது. வேணி வாய்விட்டுச் சிரித்தாள். மாசானத்தின் முகம்தான் விழுந்துபோயிற்று.

மறுநாள் அதே ஒயர் அவள் காலைத் தட்டியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினாள். சொர்ணத்தாய் ஒயரைச் சுருட்டி எடுத்து, இனி அது ஒரு நிமிஷமும் தரையில் கிடக்கக் கூடாது என்றுவிட்டாள். உயரக் கொண்டுபோக ஆணி வேண்டும். ஒட்டிப் பார்த்தால் சுண்ணாம்புப் பூச்சோடு உரிந்து வந்தது. நடுவில் இன்னொரு பெட்டி வைத்தார்கள். நெட் எட்டியது, ஆனால் வேகம் பாதியாகிவிட்டது.

முக்கியமான கூட்டத்தன்று காலை, தாய் கோயிலுக்குப் புறப்பட்டதும், மாசானம் யாக்கோபுவைத் துளைபோடும் மெஷினோடு வரச் சொன்னான். யாக்கோபு சுவரில் பென்சிலால் குறி வைத்தான். வேணி எழுந்துவந்து அந்தக் குறியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வேண்டாங்க."

"நீதானே கேட்ட?"

"கேட்டேன். இந்தத் துளையால ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அன்னைக்கு நான் நம்பிருவேன். அப்புறம் என்னால இந்தச் சுவரைப் பாக்க முடியாது."

அந்நேரம் சாரல் பிடித்துக்கொள்ள, குடை எடுக்கத் திரும்பிய சொர்ணத்தாய் வாசலில் நின்றாள். மெஷினைப் பார்த்தாள். மருமகளின் கையைப் பார்த்தாள்.

"துளை போடுலே," என்றாள் பிறகு. "நீ எனக்குத் தந்த வாக்கை நான் திருப்பிக் குடுத்துட்டேன். வேலை போச்சுன்னு இவ தினமும் அழுதா அது மட்டும் வயித்துக்கு ஆகுமா?"

"வேண்டாம் அத்தை."

"நீ சும்மா இரு தாயி."

ஒயர் கேட்டவள் வேண்டாம் என்கிறாள். தடுத்தவள் போடு என்கிறாள். "அண்ணாச்சி, யாராவது ஒரு ஆளு சொல்லுங்க, எனக்கு அடுத்த வீட்டுக்கும் போவணும்," என்றான் யாக்கோபு. கூட்டம் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. இரண்டு வாக்கிலிருந்தும் விடுபட்ட மாசானத்துக்கு, கட்டுண்டிருந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் கை ஓடவில்லை.

கேட்டவர்களே, மாசானம் யார் சொல்லைக் கேட்பது சரி?

விடை: வேணியின் சொல்லை. சொர்ணத்தாய் திருப்பிக் கொடுத்தது வாக்கை மட்டுமே; பயத்தை அவளால் எடுக்க முடியவில்லை. துளை விழுந்தால், பிள்ளை பிறக்கும்வரை அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டிருப்பார்கள். ஒயர் வேகமானது, வேணிக்கு அது தேவையும்தான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வேலைக்காகத் தாங்கக்கூடிய பயம் எவ்வளவு என்று சொல்லும் உரிமை, சுமப்பவளுக்கே உண்டு. மாசானம் மெஷினைக் கீழே வைக்கச் சொன்னான். அன்றைய கூட்டம் பாதியில் அறுந்தது. வாரக் கடைசியில் வேலை போயிற்று. செய்தது சரிதான் என்று எத்தனை பேர் சொன்னாலும், பின்னறையில் அணைந்து கிடந்த கணினியை வேணி துணி போட்டு மூடியபோது, அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த பென்சில் குறியைத் துடைத்தான்.