மூன்றாவது இழுப்பறை

"என் புரோகிராம் இப்போ விழுறதே இல்ல மேடம். நீங்கதான் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க."

குறைபட்டுக்கொண்டவர் இசக்கியப்பன், வயது ஐம்பத்திரண்டு. கேட்டுக்கொண்டிருந்தவர் செலின், அவருக்குக் கணினி கற்றுக்கொடுக்கும் ஆசிரியை, வயது முப்பத்தொன்று.

பாளையங்கோட்டையில் குருதிக் கொடையாளர் சங்கம் இயங்கிய அந்த மாடியறை இன்று இல்லை. ஆனாலும் அந்த ஐப்பசி முற்பகலை நினைத்தால் போதும். நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாசனை இசக்கியப்பனுக்கு எட்டிவிடுகிறது.

"விழாம இருக்க என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"கொடையாளர் விவரமெல்லாம் ஆஸ்பத்திரி மெஷின்ல இருக்கு. நாம கேக்கிற கேள்வி அங்க போய்ச் சேரலைன்னா, முன்ன நம்ம புரோகிராம் பாதியில செத்துப்போகும். கேள்வி தவறினா என்ன செய்யணும்னு எழுதாம விடமாட்டேன்னு, நாம எழுதுறதைச் சரிபாக்கிற கம்பைலரும் ஒத்தக்கால்ல நின்னுச்சு. எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"ஒரு பேரும் இல்லாத வெறும் பட்டியலைக் கொடுத்திருன்னு. அதுக்கப்புறம் கம்பைலர் வாயைத் திறக்கல."

செலின் சிரிக்கவில்லை.

"இப்பக்கூட ஒருத்தர் வந்தார் மேடம். ஏரல் பக்கமாம். சம்சாரத்துக்கு நாளைக்கு ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னு டாக்டர் சீட்டோட நின்னார். 'கொடையாளர் எவரும் இல்லை'ன்னு ஸ்கிரீன்ல பளிச்சுன்னு வந்துது. வாசிச்சுச் சொன்னேன். தூத்துக்குடியில கேட்டுப் பாக்கேன்னு பஸ்ஸுக்குப் போயிட்டார். முன்ன மாதிரின்னா, அவர் கண்ணு முன்னால என் மானம் போயிருக்கும்."

மேசைமேல் இருந்த இணைப்புப் பெட்டியைச் செலின் பார்த்தார். ஆஸ்பத்திரியோடு தொடர்பு இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, உங்க பழைய பீரோவுல, மூணாவது டிராயர்ல, ஓ நெகட்டிவ் கார்டு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. சீக்கிரம்."

இசக்கியப்பனின் முகம் மலர்ந்தது. கணினி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பீரோவைப் பற்றி அதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் தம் கையால் எழுதிய அட்டைகள் அதனுள் இருந்தன. அந்துருண்டை மணக்கும். பத்து முறைக்கு மேல் குருதி கொடுத்தவர்களுக்குப் பச்சை மை. மணமாகி ஊர் மாறிய பெண்களுக்குப் புதிய முகவரி, பழையதை அடிக்காமல் அதன் கீழே. கொடுத்த கையோடு காப்பி சரியில்லை என்று சண்டை பிடித்த லாரி ஓட்டுநர் ஒருவரின் அட்டையில் 'சர்க்கரை தூக்கலாக' என்றுகூடக் குறித்து வைத்திருந்தார்.

இழுத்தார்.

இழுப்பறை அசையவில்லை.

மழை பிடித்தால் அது உப்பிக்கொள்ளும். கணினி வராத அந்நாளிலும் அப்படித்தான். மேசைக்கு அப்பால் யாராவது நனைந்த சட்டையோடு நிற்பார்கள். "திறக்கல, செத்த இருங்க" என்பார். அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அதற்கும் மசியாவிட்டால், அட்டைகளின் நகல் நோட்டு இருந்த சங்கத்து டாக்டர் வீட்டுக்குச் சைக்கிளை மிதிப்பார். வந்தவர் பெஞ்சில் காத்திருப்பார்.

ஒருவர்கூட எழுந்து போனதில்லை.

"திறக்கல மேடம்."

"சரி. ஆளே இல்லன்னு எழுதிக்கிடுதேன்."

"அதெப்படி?" இசக்கியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டிராயர்தான திறக்கல! ஆள் உள்ள இருக்கலாம். பாக்காம, இல்லன்னு எப்படிச் சொல்..."

சொல்ல வந்தவர் செலினைப் பார்த்தார்.

செலின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் படி இறங்கிய பிறகுதான் இசக்கியப்பன் மேலே திரும்பிக் கத்தினார்.

"அடியில ரெண்டு தட்டு தட்டுங்க மேடம்! திறந்துக்கும்!"

ஒரு செருப்பு படியிலேயே தங்கிவிட்டது.

தெருமுனை நிறுத்தத்தில் தூத்துக்குடிப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. சன்னலோரத்தில் அந்த மனிதர் இருந்தார். நான்காக மடித்த டாக்டர் சீட்டு அவருடைய சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"ஐயா, இறங்குங்க!"

அவர் பாதி எழுந்தார். "ஆள் இருக்காங்களா?"

இசக்கியப்பன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"தெரியாதுய்யா. நான் இன்னும் பாக்கவே இல்ல."

அந்த மனிதர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.