ஸ்பிரிட் காயும் நேரம்

"என் ஊசி மட்டும் ஏன் சிஸ்டர் எரியுது?"

கேட்டவர் தேவராசு. பட்டாளத்தில் ஊசி போட்டே தலை நரைத்தவர். கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிரித்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கு, இந்த வயதில் வேலை பழக வந்திருந்தார்.

பழக்குகிறவர் எமரன்சியா சிஸ்டர். அவரைவிட வயதில் சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

"யாருக்கு எரியுது?"

"லாரி டிரைவர் வேலாயுதத்துக்கு. இன்னிக்குக் கையை இழுத்துக்கிட்டாரு. உங்க ஊசிக்கு என் வலியே தேவலைங்கிறாரு."

வேலாயுதத்துக்கு முதுகெலும்பு முழுக்கப் புற்று. வலி ஊசி கொஞ்சம் தாமதமானாலும் அவர் போடுகிற கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரே வேண்டாம் என்றால்? தேவராசுவை அவமானம் பிடுங்கித் தின்றது.

"ஊசி மட்டமான ஊசி சிஸ்டர்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சிஸ்டர் அதைவிட மெல்லிய ஊசியை எடுத்துக் கொடுத்தார்.

எரிந்தது.

"கையில சதையே இல்ல சிஸ்டர். தோலும் எலும்புமா இருக்காரு."

தொடையில் போடச் சொன்னார் சிஸ்டர்.

அதுவும் எரிந்தது. வேலாயுதம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வேளை சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தார். தேவராசு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். துடைத்த ஈரத்தோடே சட்டென்று குத்தினார்.

வராந்தாவுக்கு வந்ததும் சிஸ்டர் சொன்னார்: "அண்ணே, சட்டைக் கையைச் சுருட்டுங்க."

சுருட்டினார். அவர் கையை ஸ்பிரிட்டால் துடைத்தார் சிஸ்டர். ஊசியை எடுக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஈரத்தோடு குத்தினால் எரியும் என்று பட்டாளத்துப் பையன்களுக்குப் பாடமே எடுத்தவர் தேவராசு. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"காயணும்னு எனக்குத் தெரியாதா சிஸ்டர்?"

சிஸ்டர் கண்ணை எடுக்கவில்லை. கை சில்லென்று இருந்தது. ஒருவர் சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம்!

"காயிற நேரத்துல அவர் கேக்குறாரு சிஸ்டர்."

"என்ன கேக்குறாரு?"

"சொந்த லாரியை வித்துரட்டுமா, வச்சிருக்கட்டுமான்னு. நான் எந்திரிச்சு ஓட்டிருவேனா, நீங்க சொல்லுங்கண்ணேங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பார்ப்போம், பார்ப்போம்னேன். மறுபடியும் கேட்டாரு. குத்திட்டா வாயை மூடிக்கிறாரு சிஸ்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

சிஸ்டர் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருச்சுண்ணே."

பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு வேறு கட்டிலைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்கால ஊசிக்கு தேவராசு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலாயுதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். துடைத்தார். ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

முனகிக்கொண்டிருந்த வேலாயுதம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்த ஆளுக்கு இன்று என்ன வந்தது என்று தோன்றியிருக்க வேண்டும். பைபாஸில் ஏதோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அண்ணே, அந்த வண்டிய..."

தேவராசுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"வித்துருங்க," என்றார்.

வேலாயுதம் கண்ணை மூடவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

தோல் காய்ந்திருந்தது. ஊசியை இறக்கினார். மருந்தை மெதுவாகச் செலுத்தி, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டார்.

காலி ஊசியைத் தட்டில் வைத்தார்.

"சரி," என்றார் வேலாயுதம். "ஊசியப் போடுங்கண்ணே."