சும்மா உட்கார்ந்து செய்யும் வேலை

பிசியோதெரபி கல்லூரியில் உடற்கூறியல் பாடம் நடத்திய ஜெனோவாவுக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் படித்த செங்கோடனுக்கு முப்பத்தெட்டு. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் ஹவில்தார்தான். ஆசிரியைக்கும் அப்படியே.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. போன முறை அதில் அவர் தேறவில்லை.

"கால் பகுதி முழுக்க மூணு தடவை திருப்பிப் படிச்சாச்சு மேடம். எலும்பு, தசை, நரம்பு, எதைக் கேட்டாலும் சொல்லுவேன். இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டார் செங்கோடன்.

ஜெனோவா அவரைப் புறநோயாளிகள் பிரிவுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே பூவாயி காத்திருந்தார். பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். வலது பாதம் தொங்கிப்போயிருந்தது. நடக்கும்போது விரல்கள் தரையில் இழுபட்டன. செருப்பு நிற்கவில்லை. பக்கவாதம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு காலும் இப்படியே போய்விடும் என்று யாரோ சொன்னதில் பத்து நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

"பாருங்க ஹவில்தார்" என்று ஜெனோவா விலகி நின்றார்.

செங்கோடன் பொறுமையாகப் பார்த்தார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், முடியவில்லை. உள்பக்கம் திருப்பச் சொன்னார், நன்றாகத் திரும்பியது. பஞ்சை எடுத்துப் பாதத்தின் மேல்பக்கம் தடவினார். தெரியவில்லை என்றார் பூவாயி. மற்ற இடமெல்லாம் தெரிந்தது.

"மூளையில ஒண்ணுமில்ல. முதுகுலயும் இல்ல" என்றார் செங்கோடன். குரலில் சந்தேகமே இல்லை. "காமன் பெரோனியல் நரம்பு. முழங்காலுக்கு வெளிப்பக்கம், பிபுலா எலும்போட கழுத்தைச் சுத்திப் போற இடத்துல அமுங்கியிருக்கு."

"சரி. எது அமுக்குச்சு?"

அவர் பூவாயியிடம் திரும்பினார். "கீழ விழுந்தீங்களாம்மா? அடிபட்டுச்சா? மாவுக்கட்டு போட்டிருந்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"பாரம் தூக்குற வேலையா?"

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா உக்காந்துக்கிட்டு வெங்காயம் ஆயிற வேலைதான்."

செங்கோடனுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

ஜெனோவா கேன்டீனிலிருந்து ஒரு கூடை சின்ன வெங்காயமும் அரிவாள்மணையும் வரவழைத்தார். பூவாயியை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"அம்மா, இவருக்கு உங்க வேலையைச் சொல்லிக் குடுங்க. நான் பக்கத்து ரூம்ல வகுப்பு எடுத்துட்டு வந்துடறேன். ஹவில்தார், அதுவரைக்கும் எழுந்திரிக்காதீங்க."

செங்கோடன் சம்மணம் போட்டார். பூவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படி உக்காந்தா நகர முடியாது சார். குத்தவச்சு உக்காருங்க. குதிகாலைத் தூக்காதீங்க. மணையை இடது பாதத்தால மிதிச்சுக்கங்க. கூடை வலது பக்கம். சாஞ்சு அள்ளணும்."

"பாரம் பூரா வலது கால்ல வருதே?"

"பின்ன? கூடை அங்கதானே இருக்கு?"

செங்கோடன் தாளை அறுத்தார், வேரைக் கிள்ளினார். முடிந்ததென்று அவர் தள்ளி வைத்ததில் பாதியைச் சரியில்லை என்று பூவாயி திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ராணுவத்தில் வெங்காயம் யார் உரிப்பார்கள் என்றும் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்மா?"

"விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும். நடுவுல சோத்துக்கு எந்திரிப்போம்."

கால் மணி நேரத்தில் வலது பாதம் குறுகுறுத்தது. அரை மணியில் மேல்பக்கம் மரத்துப்போனது. செங்கோடன் தொட்டுப் பார்த்தார். பூவாயியின் காலில் பஞ்சு தெரியாத அதே இடம்.

கை தானாக முழங்காலின் வெளிப்பக்கம் போனது. மடங்கிய காலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. அந்த இடத்தை விரலால் அழுத்தினார். விர்ரென்று பாதம் வரை ஓடியது.

ஜெனோவா வந்தபோது அவர் இன்னும் குத்தவைத்தே இருந்தார்.

"எது அமுக்குச்சு ஹவில்தார்?"

"உக்காந்ததுதான் மேடம்." பூவாயியை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, இது பக்கவாதம் இல்ல. இந்தக் கால் திரும்பி வரும். அந்தக் காலுக்கும் ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்."

பூவாயி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று கேன்டீனில் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பாதத்தைத் தாங்கும் பட்டை போட்டார்கள். குத்தவைக்கக் கூடாது என்றார்கள். தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகளைச் செங்கோடனே சொல்லிக்கொடுத்தார். ஏழாவது வாரம் கட்டைவிரல் அசைந்தது. நான்காவது மாதம் பூவாயி செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். வெங்காயம் ஆயும் களத்தில் இப்போது எல்லாப் பெண்களும் குத்தவைக்காமல் பலகை போட்டு உட்காருவதாகச் சொன்னார்.

செங்கோடன் அதற்குள் தேர்விலும் தேறியிருந்தார். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பூவாயி போன பிறகு கேட்டார்.

"அன்னிக்கு அந்தம்மா 'சும்மா உக்காந்துக்கிட்டு'ன்னு சொன்னதுமே உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. இது எந்தப் புத்தகத்துல இருக்கு மேடம்?"

"நீங்க மூணு தடவை படிச்ச அதே பக்கத்துலதான் ஹவில்தார்" என்றார் ஜெனோவா. "படிக்கும்போது நீங்க நாற்காலியில உக்காந்திருந்திருப்பீங்க."