செதுக்கின பேஸ் வாங்க வந்தவர்

ஐந்தாவதோடு நின்றவள் நான். முன்னுக்குப்பின் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சென்னையில் ஒரு வாத்தியக் கடையில் பெருக்கித் துடைக்கிறேன். ஞானாதிக்கம் என்ற பெரியவர் டபுள் பேஸ் வாங்க வந்தார். அது ஆளைவிட உயரமான வயலின் மாதிரி இருக்கும். அவருடையது வெள்ளத்தில் போய்விட்டதாம். இறந்த மனைவியின் நினைவு ஆராதனையில் வாசிக்க, முழு மரத்தில் செதுக்கினதுதான் வேண்டும் என்றார். அந்த அம்மாவுக்கு அதன் நாதம்தான் பிடிக்குமாம்.

முதலாளி தாமோதரன் ஒட்டுப்பலகையில் செய்த ஒன்றைத் தட்டிக் காட்டினார். "கையால செதுக்கினது சார். தினமும் துடைக்கிறவளையே கேளுங்க. ஏய் குருவம்மா, சொல்லு!"

ஆமாம் என்றால் பெரியவர் ஏமாறுவார். இல்லை என்றால் என் வேலை போகும்.

"எனக்கென்ன தெரியும் முதலாளி? ஏசி ரூம்ல வேற ஆளுக்கு எடுத்து வச்ச ரெண்டும் செதுக்கினது, காய்ஞ்சா வெடிச்சிடும்னு பக்கத்துல தண்ணிக் கிண்ணம் வைக்கச் சொன்னீங்க. இதுக்குச் சொல்லவே இல்லையே, இன்னையிலிருந்து வைக்கட்டுமா?"

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "இந்த வருஷமும் அவளுக்கு வாசிக்க முடியாதும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கினார்.

தெரியாமல் உளறிவிட்டேன் என்று முதலாளியிடம் அழுதேன். நம்பிவிட்டார். இப்போதெல்லாம் வாங்க யார் வந்தாலும், வாளியோடு கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன்.