டைரக்டர் பேர் போட்ட கண்ணாடி

பூனைகூட எட்டிப் பார்க்காத மலை ஆய்வுக்கூடத்தில் பிலோமினா தனியாளாக மக்னீசியத்தை எரித்துக்கொண்டிருந்தாள். எரியும்போது உண்டாகும் ஆக்சைடு விடும் புற ஊதா ஒளி, நிறமாலைக் கருவிக்குள் இருக்கும் பிலிமில் பட்டைகளாக விழ வேண்டும். ஒன்றும் விழவில்லை.

ஆய்வுக்கூட டைரக்டர் வேதாசலம் வந்து கத்தினார்: "தூசி படாமலிருக்க என் பேர் பொறித்த கண்ணாடியையே கருவி வாசலில் மாட்டியிருக்கேன். அதைத் தொடாதே! நாளைக்கு விழா. அதுக்குள்ள பட்டை வரலைன்னா உனக்கு வேலையில்லை."

"இந்த இருட்டுல ஐயா பேரை யார் பார்க்கிறா? விழா மேடையில வச்சா ஊரே பார்க்குமே!" என்றாள் பிலோமினா.

அவரே கழற்றி, கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு போனார். உடனே பட்டைகள் வரிவரியாக விழுந்தன.

"பட்டை எப்படிம்மா வந்துச்சு?" என்றார் மறுநாள் விழாவுக்கு வந்த விருந்தாளி.

"சாதாரணக் கண்ணாடி புற ஊதாவை விழுங்கிடும். ஐயா பேர் நகர்ந்துச்சு, ஒளி உள்ளே வந்துச்சு."

சபை குலுங்கிச் சிரித்தது. வேலை தப்பியது. சிரித்தவர்கள் எல்லாரும் ஜீப்பேறி மலையிறங்கினார்கள். அவளையும் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.