கழுத்தில் தொங்கிய சேவல்

குன்றுக் கோயில் முருகனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் சேவல் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். சாமிக்கு விட்ட சேவலை அடைத்து வைக்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. அதனால் அடிவாரத்து மடத்தின் வாசலில் எந்நேரமும் சேவல்கள் மேய்ந்துகொண்டிருக்கும்.

மடத்தை நடத்துபவர் வடிவம்மை. அவரிடம் சீடராக வந்த ஞானப்பிரகாசம் அவரைவிட வயதில் மூத்தவர், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனோடும் பிடிவாதத்தோடும் மொச்சை என்ற நாயோடும் வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே வடிவம்மை ஒரு நீளக் கயிற்றைக் கொடுத்தார்.

"நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு தினமும் சேவலுங்க நடுவுல உட்காருங்க. சேவலை விட்டுட்டு உங்க முகத்தைப் பார்த்தா ஒரு ரொட்டித்துண்டு குடுங்க. சேவல் தன் மேலயே ஏறி நடந்தாலும் நாய் தூங்கணும். அதுவரைக்கும் கயிறு உங்க கையிலதான்."

ஞானப்பிரகாசம் உட்கார்ந்தார். உட்கார்ந்து பேப்பர் படித்தார். சேவல் கிட்டே வந்தால் "ஏய்! உஸ்!" என்று நாயைப் பார்த்துக் கத்தினார். சாப்பிட வரும்போதெல்லாம் "இன்னும் எத்தனை நாளும்மா?" என்று கேட்டு வடிவம்மையின் உயிரை வாங்கினார்.

ஒருநாள் காலையில் மொச்சை சாதுவாகப் படுத்திருந்தது. இனிப் போதும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது ஒரு செஞ்சேவல் செத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்று மொச்சை வாலாட்டியது.

செய்தி கோயிலுக்குப் போயிற்று. மதியம் வந்து நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடப் போவதாகத் தர்மகர்த்தா சொல்லி அனுப்பினார்.

ஞானப்பிரகாசம் பயந்துபோனார். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்த நாய் ஒன்றுதான். பயத்தில் கோபம் வந்தது. அவர் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. செத்த சேவலைச் சணலால் நாயின் கழுத்திலேயே கட்டிவிட்டார்.

வடிவம்மை வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"பாடம் படிக்கட்டும்மா. நூறு தடவை சொன்னேன், கேட்டாத்தானே!"

"எவ்வளவு நேரம் தொங்கணும்?"

"புத்தி வர்ற வரைக்கும்."

"கயித்தை அவிழ்த்தது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன?"

வடிவம்மை பெருமூச்சு விட்டார். இந்த மனிதரோடு மல்லுக்கட்டி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. மொச்சையைத் தூணில் கட்டினார். அதன் கழுத்திலிருந்த சணலை அவிழ்த்து, சேவலோடு சேர்த்து முன்னாள் தாசில்தாரின் கழுத்தில் கட்டினார்.

"உட்காருங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"புத்தி வர்ற வரைக்கும்."

வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. மலையேறப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தாலுகா ஆபீஸே எழுந்து நின்று கும்பிட்ட மனிதர், கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார். மொச்சை தூணடியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன தெரியும், பாவம்.

மதியம் தர்மகர்த்தா சாக்கோடு வந்தார். ஞானப்பிரகாசம் இருந்த கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வடிவம்மை சீடர் பக்கம் திரும்பினார். "என்ன கத்துக்கிட்டீங்க?"

ஞானப்பிரகாசம் குனிந்து சேவலைப் பார்த்தார்.

"நாறுதும்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"மொச்சையும் காலையில இவ்வளவுதான் கத்துக்கிச்சு."

ஞானப்பிரகாசம் மொச்சையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எழுந்து தர்மகர்த்தாவிடம் போனார்.

"சேவலைக் கொன்னது நான்தாங்க. நாயைக் கொண்டுபோயிடாதீங்க."

சேவலைப் புதைத்துவிட்டு வந்து கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்தார். அந்த முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு சேவல்களுக்கு நடுவே உட்கார்ந்தார். பேப்பரைத் தொடவில்லை. ஒரு சேவல் கிட்டே வந்தது. மொச்சையின் காது நிமிர்ந்தது. அவர் கத்தவில்லை. சேவலைப் பார்த்துக்கொண்டிருந்த நாய் மெல்ல அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. ரொட்டியைக் கிள்ளிக் கொடுத்தார்.

தர்மகர்த்தா சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனாலும் அவருக்குச் சந்தேகம் விடவில்லை.

"பழகுறதுக்கு எத்தனை நாளாகும்மா?"

"யாருக்கு?" என்றார் வடிவம்மை.