தரை எட்டாத கால்கள்

பாளையங்கோட்டையில் நான் பயிற்சி டாக்டராக இருந்த நாட்களை நினைத்தால், முதலில் ஞாபகம் வருவது ஜெபராணி மேடத்தின் அறையில் கிடந்த இரும்புக் கட்டில்தான். குழந்தைகளைப் படுக்கவைத்துப் பார்க்கிற உயரமான கட்டில்.

அன்று இசக்கி வந்திருந்தாள். வயது ஒன்பது. உயரம் ஆறு வயதுப் பிள்ளைக்குரியது. சுவரோடு நிறுத்தி அளப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

"பள்ளிக்கூடத்துல பெஞ்சுல காலை ஆட்டிக்கிட்டே இருக்காளாம். பாடத்தைக் கவனிக்கதே இல்லையாம்," என்றாள் அவள் அம்மா. "உருவமும் சின்னதுதானே, நாலாம் வகுப்புல இருந்து இறக்கி ரெண்டுல போடுதோம், டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுதாங்க."

"ரெண்டுல என் தம்பி படிக்கான்," என்றாள் இசக்கி. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் ஆடாமல் நின்றாள்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கவனக் குறைபாடு உள்ள பிள்ளை, கீழ் வகுப்பில் வைக்கலாம் என்று எழுதி மேடத்திடம் நீட்டினேன். அந்த நாட்களில் எந்தப் பிள்ளையும் எனக்கு அரைப் பக்கத்தில் அடங்கிவிடும்.

மேடம் படித்தார். "எதை வச்சு எழுதுன, நாச்சியார்?"

"காலை ஆட்டுறா மேடம். கவனம் நிக்கல."

"கட்டில்ல ஏறி உக்காரு."

"நானா?"

"பின்ன, நானா?"

ஏறினேன். கல்லூரியில் என்னை ஒட்டகச்சிவிங்கி என்பார்கள். எந்த நாற்காலியிலும் என் கால் தரையில் படாமல் இருந்ததில்லை. அன்று தொங்கியது.

"சாயாத. நான் அடுத்த பிள்ளையப் பாத்து முடிக்க வரைக்கும் இந்தப் புஸ்தகத்தைப் படி. ஏ இசக்கி, அக்கா எத்தனை தடவ காலை ஆட்டுதான்னு எண்ணு."

ஒரு பக்கம் போனது. தொடை மரத்தது, இடுப்பு வலித்தது. என்ன படித்தாய் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

"பதினெட்டு, பத்தொம்போது..." என்று எண்ணிக்கொண்டிருந்த இசக்கி, "ஐ, அணில்!" என்று ஜன்னலுக்கு ஓடிவிட்டாள்.

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்கு ஆசைதான். கேட்க முடியாது.

"அவ பத்தொம்போதுல விட்டுட்டா. மிச்சத்தை நான் எண்ணுனேன். முப்பத்தி நாலு."

"அப்போ இவளுக்குக் கவனக் குறைபாடு இல்லையா மேடம்?"

"இருக்கலாம். அணிலப் பாத்தேல்லா? முதல்ல காலுக்குக் கீழ ஒரு பலகை போடச் சொல்லுவோம். பெறகும் எது ஆடுதோ, அதுக்கு நாம வைத்தியம் பாப்போம்."

"வகுப்பு?"

"வயசு என்ன போட்டிருக்க?"

"ஒம்பது."

அவர் நான் எழுதிய தாளை என்னிடமே திருப்பித் தந்தார். எனக்கு முகம் சுட்டது. எழுதியதைக் கிழித்தேன்.

"வேற எழுதித் தாரேன் மேடம்," என்று கட்டிலை விட்டு இறங்கப் போனேன்.

மேடம் பேனாவை நீட்டினார்.

"அங்கேயே இருந்து எழுது."